யார் எழுதிய வரி?

சென்ற மாசி மாதத்தில் ஒருநாள் மாலை, கோண்டாவிலிலுள்ள எங்கள் ரீச்சர் ஆளனுப்பி என்னை அழைத்திருந்தார். நான்காம் வகுப்பில் எனக்குத் தமிழும் உறுப்பெழுத்தும் கற்பித்தவர் அவர். இப்போது அவருக்கு வயது 81. மகள் மெல்பேணிலும் மகன் ரொறன்ரோவிலும் குடும்பமாக இருக்கின்றனர். ரீச்சர் தமது வீட்டில் தனியே இருக்கின்றார். நான் சென்றபோது விறாந்தையில் ஒரு பழைய றங்குப் பெட்டி திறந்தபடி கிடந்தது. உள்ளே நாலைந்து சேலைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின்மேல் காணி உறுதி இருந்தது.

“இதில் நான் எவ்விடத்திற் கையெழுத்து வைக்கவேண்டும் என்று பார்த்துச் சொல்லு, தம்பி” என்றார்.

எதற்கென்று கேட்டேன். பதில் கூறாமல், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்த தாளொன்றை எடுத்து நீட்டினார். மகன் அனுப்பிய மின்னஞ்சல் அது. அயலில் வசிக்கும் பெறாமகனின் கைத்தொலைபேசிக்கு வந்ததை, அவர் சந்தியிலுள்ள போட்டோக்கொப்பிக் கடையில் அச்செடுத்துக் கொடுத்திருக்கின்றார். வீட்டைப் பற்றிய ஐந்து விஷயங்கள் இலக்கமிட்டு எழுதப்பட்டிருந்தன. மூன்றாம் இலக்கத்தில் இரண்டு வசனங்கள்:

“அம்மாவைக் கொழும்பில் ஒரு முதியோர் இல்லத்திற் சேர்த்துவிட்டு வீட்டை விற்பதுதான் எல்லோருக்கும் நல்லது.

இதற்கு என் சம்மதத்தைக் கேட்கவே வேண்டாம்.”

இவற்றை வாசித்தபின் ரீச்சர் மேற்கொண்டு ஒரெழுத்தும் வாசிக்கவில்லை. வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் தொலைபேசியில் அழைத்தபோது, “எப்ப ராசா என்னைக் கொண்டுபோய் விடப் போறாய்?” என்று மாத்திரம் கேட்டுவிட்டு வைத்துவிட்டாராம். பின்னர் நான்கு நாள் எவருடைய அழைப்பையும் எடுக்கவில்லை. பெறாமகனுக்கோ ஒன்றும் விளங்கவில்லை. தாயை விட்டுக்கொடாத மகனின் கடிதம் என்றே அவர் அதைக் கைத்தொலைபேசியில் வாசித்து, மகிழ்ச்சியுடன் அச்செடுத்துக் கொடுத்திருக்கின்றார்.

நான் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில், கடிதத்தின் கடைசி வரியாக, இவ்வாறு இருந்தது: “அக்கா எழுதியவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். நீல எழுத்தில் உள்ளவை என் மறுமொழிகள்.”

அந்தத் தாளில் நீலம் என்று ஒன்றில்லை. சந்திக் கடையின் யந்திரத்துக்குத் தெரிந்தது கறுப்பு மை ஒன்றே. அக்காவின் வசனமும் தம்பியின் மறுமொழியும் ஒரே கறுப்பில், ஒருவருடைய பேச்சைப்போல் அடுத்தடுத்து நின்றன. “கேட்கவே வேண்டாம்” என்று அந்தப் பிள்ளை கோபத்துடன் மறுத்திருந்தது, நிறம் போனவுடன், கேளாமலே கொடுத்த சம்மதமாக மாறிவிட்டது.

மிகுதியைப் பின்னர் கூறுகின்றேன். அன்று வீடு திரும்பியபின் என் மனத்தைவிட்டு அகலாத விஷயம் ஒன்றை முதலிற் கூறவேண்டும். பிறர் எழுதியதை எடுத்து நம் கடிதத்துள் வைக்கும்போது, இது அவருடையது, இது என்னுடையது என்று எவ்வாறு காட்டுவது?

தபாற்காலத்தில் நமக்கு இந்தச் சங்கடம் இருக்கவில்லை. “தங்கள் கடிதம் கிடைத்தது, நிலைய விபரம் அறிந்தேன்” என்று தொடங்கி, நமக்குக் கூறவேண்டியதைக் கூறுவோம். அரசாங்கக் கந்தோர்களிலும் கடிதத்தின் இலக்கத்தையும் தேதியையும் குறிப்பிடுவார்களே தவிர, வந்த கடிதத்தையே திரும்ப எழுதி அனுப்பும் இலிகிதரை நான் கண்டதில்லை. கையால் எழுதுவது உழைப்பு. ஆகவே எவரும் வீணாக எழுதவில்லை. கணினி வந்து படியெடுப்பதை இலவசமாக்கிற்று. “மறுமொழி” என்ற பொத்தானை அழுத்தினால், கேளாமலே, வந்த கடிதம் முழுவதும் நம் தாளில் வந்து உட்கார்ந்துகொள்கின்றது. அதை எப்படி அடையாளமிடுவது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

இதற்கு முதலில் நல்ல விடை கண்டவர்கள் யூஸ்நெற் என்னும் செய்திக்குழு வலையமைப்பில் எழுதியவர்கள். 1979ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மாணவர் இருவர், தொம் றஸ்கொற், ஜிம் எலிஸ் என்போர், இதனைத் திட்டமிட்டனர். 1980இல் அது இயங்கத் தொடங்கிற்று. ஒரு கணினி மற்றொரு கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியாக அழைத்துத் தன்னிடமுள்ள புதுச் செய்திகளைக் கொடுக்கும். அது அடுத்ததற்குக் கொடுக்கும். இவ்வாறு கைமாறிக் கைமாறிச் செல்வதால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. சில ஊர்களில் மறுமொழி முதலில் வந்து சேரும். அது எதற்கு மறுமொழியோ அந்தச் செய்தி மறுநாள் வரும். “இல்லை, அது தவறு” என்று மட்டும் ஒருவர் எழுதினால், எது தவறென்று வாசிப்பவர் எப்படி அறிவார்? ஆகவே மறுக்கப்படும் வரிகளையும் கூடவே அனுப்பவேண்டியது அவசியமாயிற்று.

அந்நாளைய கணினித் திரைகளில் நிறமில்லை, சாய்ந்த எழுத்தில்லை, ஒரு வரிக்கு 80 எழுத்துக்கள். இருந்தவை தட்டச்சுப் பலகையிலுள்ள குறிகள் மாத்திரமே. அவற்றுள், கணிதத்திற் ‘பெரிது’ என்று காட்டும் கூர்முனைக் குறி நிலைத்தது. எடுத்துக்காட்டப்படும் ஒவ்வொரு வரியின் தலையிலும் அதை இட்டார்கள். அதற்கும் மறுமொழி வந்தால் பழைய வரிக்கு இன்னுமொரு குறி கூடும். இப்படி:

>> வீட்டை விற்போமா?
> கூரையை மாற்றினாற் போதும்.
அதற்கு எவ்வளவு செலவாகும்?

குறியில்லாத வரி இப்போது எழுதுபவருடையது. ஒரு குறி உள்ளது, அவர் யாருக்கு மறுமொழி கூறுகின்றாரோ அவருடையது. இரண்டு குறி உள்ளது அதற்கும் முந்தியது. மேலே, “இன்னார் எழுதியது” என்றொரு வரி. பேச்சின் வயதை மரத்தின் வளையம்போல் எண்ணிக் கூறலாம். நிறம் போனாலும், எழுத்தின் உருவம் மாறினாலும், கறுப்பு மையில் அச்சிட்டாலும், ஒருவர் கையாற் பார்த்தெழுதினாலுங்கூட இந்தக் குறி போகாது.

இதில் எனக்கு மிகுந்த வியப்பளித்தது வேறொன்று. கணினிக்காரர் தற்செயலாகக் கைக்கொண்ட இக்குறி ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயதுடையது. கி. மு. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தில் ஓமரின் காவியங்களை ஆராய்ந்த அரிஸ்தார்க்கஸ் என்னும் பேரறிஞர், கவனிக்கத்தக்க வரிகளின் ஓரத்தில் இதே கூர்முனை வடிவத்தை இட்டார். திப்பிள் என்பது அதன் பெயர். பிற்காலக் கிறிஸ்தவ எழுத்தர்கள் வேதாகமத்திலிருந்து எடுத்தாண்ட வசனங்களின் ஓரத்தில் அதனை வரைந்தார்கள் என்று, கி. பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த செவில் நகர் ஆயர் இசிதோர் எழுதிவைத்திருக்கின்றார். அச்சு வந்தபின்னும் 18ஆம் நூற்றாண்டின் ஆங்கில நூல்கள் பலவற்றில், நீண்ட மேற்கோளின் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் மேற்கோட்குறி இடப்பட்டிருக்கக் காணலாம். தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் சிக்கனம் பிற்பாடே நிலைபெற்றது.

நம் ஏட்டுச்சுவடிகளில் இத்தகைய குறி எதுவுமில்லை. ஆனால் தமிழுக்கு அது வேண்டியிருக்கவுமில்லை. “என்று” என்றொரு சொல்லை வைத்துக்கொண்டு நம்மவர் எத்தனை பேருடைய பேச்சையும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிட்டனர். “என்ப” என்று முடித்தால் அது முன்னோர் கருத்து, தம்முடையதன்று. ரீச்சரின் மகன் அந்த மூன்றாம் பந்தியில் “என்று அக்கா எழுதியிருக்கிறா” என மூன்று சொற்களைச் சேர்த்திருந்தால், றங்குப் பெட்டி கட்டிலுக்குக் கீழேயே இருந்திருக்கும்.

கூர்முனைக் குறி நிலைத்தது என்றேன், சண்டையில்லாமல் நிலைக்கவில்லை. மனிதர் கையில் ஒரு வசதியைக் கொடுத்தால் அதை அலங்கரிக்காமல் விடுவார்களா? சிலர் முக்காற்புள்ளி இட்டார்கள், சிலர் நெடுங்கோடு. ஈமாக்ஸ் என்னும் எழுதுகருவிக்குப் பரி வோர்சோ என்பவர் ஆக்கிய சுப்பர்சைற் என்ற துணைநிரல், எழுதியவர் பெயரின் முதலெழுத்துக்களையே ஒவ்வொரு வரிக்கும் முன்னே வைத்துவிடும். நாடகப் பிரதிபோல் யார் பேசுகின்றார் என்பது வரிதோறும் தெரியும். ஆறேழு பேர் கலந்து எழுதும் குடும்பத்துக்கு அது உண்மையில் நல்ல முறை. ஆயினும் ஒரு குறை உண்டு. கூர்முனைக் குறியை எண்ணிப் பார்த்து, முந்திய வரிகளுக்கு நிறம் தீட்டவும், வரிகளை மீண்டும் ஒழுங்காக மடித்து அடுக்கவும் மற்றவர்களுடைய நிரல்கள் பழகிவிட்டன. வேறு குறியைக் கண்டால் அவை திகைக்கும். நானும் ஒருகாலத்தில் முக்காற்புள்ளி வைத்தவன். என் கடிதங்கள் அழகாயிருப்பதாக எண்ணியிருந்தேன். இரண்டொரு நண்பர்கள் “யார் சொன்னது இது?” என்று கேட்டு எழுதிய பின்னரே விட்டேன்.

மட் என்னும் அஞ்சல் நிரலில் இக்குறியை விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். மாற்றும் வழியைக் கூறும் அதன் கையேடே, தயவுசெய்து மாற்றாதீர்கள், வலையமைப்பிலுள்ள தீவிரவாதிகளுக்குக் கோபம் வரும் என்ற கருத்திற் புத்திமதி கூறுகின்றது. கதவையும் திறந்து வைத்து, உள்ளே போகவேண்டாம் என்றும் பலகை தொங்கவிட்டதுபோல.

இன்னொரு கூட்டத்தார் குறியை மாற்றியது அழகுக்காக அன்று, தந்திரத்துக்காக. பழைய கடிதம் முழுவதையும் ஒட்டி அனுப்பி, கீழே “நானும் ஆமோதிக்கிறேன்” என்று ஒரு வரி எழுதுவோர் பெருகியபோது, சொந்த வரிகளைவிட எடுத்தாண்ட வரிகள் மிகுந்தால் அச்செய்தியை ஏற்க மறுக்கும்படி சில நிரல்கள் அமைக்கப்பட்டன. நிரல் எண்ணியது கூர்முனைக் குறிகளை. ஆகவே சோம்பேறிகள் குறியை மாற்றி இட்டு நிரலை ஏய்த்தனர். அல்லது கீழே வெறும் நிரப்பு வரிகளை எழுதிக் கணக்கைச் சரிசெய்தனர். வெட்டிச் சுருக்குவதற்கு எடுக்கும் நேரத்தைவிட ஏய்ப்பதற்கு அதிக நேரம் எடுத்திருக்கும்.

1995ஆம் ஆண்டில் வெளிவந்த வலையமைப்பு ஒழுக்க விதிகள் இவ்விஷயத்தில் நிதானமாகவே பேசுகின்றன: மறுமொழியின் தொடக்கத்தில் மூலச் செய்தியைச் சுருக்கிக் கூறுங்கள், அல்லது பொருள் விளங்கும் அளவுக்கு மட்டும் அதிலிருந்து எடுத்து வையுங்கள். ஆனால் வெட்டும்போது ஒரு அபாயம் உண்டு. “இன்னார் எழுதியது” என்ற வரியை விட்டுவிட்டு அவருடைய வார்த்தைகளை வெட்டிவிட்டால், மிஞ்சிநிற்கும் மற்றொருவருடைய வார்த்தைகள் அவர் தலையில் ஏறிவிடும். பெயர்வரிகள் எத்தனை, குறிகளின் அடுக்கு எத்தனை என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்காமல் அனுப்பக்கூடாது. ரீச்சரின் மகனும் வெட்டியவரே. அக்காவின் கடிதத்திலிருந்த முகவுரையையும் முடிவுரையையும் நீக்கி, ஐந்து பந்திகளை மட்டும் வைத்திருந்தார். வேலை சுத்தமானதுதான். “அன்புள்ள தம்பிக்கு” என்ற வரியும் அதிலே போய்விட்டது. அது நின்றிருந்தால் ரீச்சர் உடனே கண்டுபிடித்திருப்பார்.

குறிகள் மூன்று நான்கு அடுக்கானவுடன் வரி நீண்டு, 80 எழுத்தைத் தாண்டி, உடைந்து, ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாகச் செல்லரித்த ஏடுபோலாகிவிடும். உடைந்த குட்டை வரிக்குக் குறி இராது. குறியில்லாத வரி என்றால் யாருடையது? இப்போது எழுதுபவருடையது! இதைத் தீர்க்க 1999இலும் பின்னர் 2004இலும் ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. வரியின் இறுதியில் ஓர் இடைவெளி இருந்தால் அவ்வரி அடுத்ததனுடன் தொடர்வது என்று நிரல் கொள்ளும். தொடக்கத்திலுள்ள கூர்முனைகளை எண்ணி ஆழத்தை அறிந்து, மறுபடி அழகாக மடித்துக் காட்டும். அவ்வொழுங்கு அறிந்த குறியும் கூர்முனை ஒன்றே. முக்காற்புள்ளிக்காரர் வழக்கு அத்துடன் தோற்றது.

இன்னொரு வேடிக்கையையும் கூறிவிடுகின்றேன். யூனிக்ஸ் கணினிகளில் கடிதங்களை ஒரே கோப்பில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் பழைய வழக்கமொன்று உண்டு. ஒவ்வொரு கடிதத்தின் தொடக்கமும், ‘இடமிருந்து’ என்று பொருள்படும் ஃபுறொம் என்ற ஆங்கிலச் சொல்லால் அறியப்படும். கடிதத்தின் நடுவிலேயே ஒரு வரி அச்சொல்லுடன் தொடங்கினால் கணினி குழம்பிவிடும் என்பதற்காக, அதன் முன்னே ஒரு கூர்முனையை நிரலே இட்டுவிடும். நாம் சொந்தமாக எழுதிய வரி, பிறரிடம் இரவல் வாங்கியதுபோல் போய்ச் சேரும்!

இக்காலத்து நிலை வேறு. அலங்கார எழுத்துடன் அஞ்சல் எழுதத் தொடங்கியபின், பெரும்பாலோர் தம் மறுமொழியை மேலே எழுதி, பழைய கடிதத்தை அப்படியே கீழே தொங்கவிடுகின்றனர். 2004இல் வந்த ஜீமெயில் அத்தொங்கலை மூன்று புள்ளிகளுக்குள் மறைத்துவைக்கின்றது. தண்டர்பேர்ட் ஓரத்தில் நிறக்கோடு இழுக்கின்றது. திரையில் இவை கண்ணுக்கு இனியவை. ஆனால் இவ்வரிகளைப் படியெடுத்து வேறிடத்தில் வெறும் எழுத்தாக ஒட்டினால் கோடு வராது. நிறமும் வராது. வார்த்தைகள் மட்டும், சொந்தக்காரர் இல்லாத மாடுபோல் வந்து நிற்கும்.

ஆகவே, பலர் கூடி ஒரு முக்கிய விஷயத்தை முடிவுசெய்யும் கடிதங்களில், குறிப்பாகக் காணி, கலியாணம், நோய் பற்றிய கடிதங்களில், வெறும் எழுத்து முறையைத் தெரிந்துகொள்வதே நன்று என்பது என் கருத்து. ஜீமெயிலில் அவ்வாறு தெரிந்தால், மறுமொழியில் பழைய வரிகளுக்குக் கூர்முனை தானே வரும். கணினியில் நிறுவும் பழைய அவுட்லுக்கில், மறுமொழிக்குரிய அமைப்புக்களில், மூலக் கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் முற்குறி இடும்படி கூறலாம். எந்தக் குறி என்பதையும் நாமே குறிக்கலாம். அதே இடத்தில், கடிதத்தின் இடையே நாம் எழுதும் குறிப்புக்களுக்கு முன்னே நம் பெயரை வைக்கும் வசதியும் இருக்கின்றது. தண்டர்பேர்ட்டில், மறுமொழி பழைய வரிகளுக்கு மேலா கீழா என்பதைத் தெரிவுசெய்யலாம். கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி முன்னும் விடை பின்னும் வருவதுதானே பேச்சின் முறை. கைத்தொலைபேசியில் இவ்வளவும் இயலாதென்றால், ஒவ்வொரு பந்திக்கும் முன் “அக்கா:”, “நான்:” என்று எழுதிவிடுங்கள். நீலம், சிவப்பு என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அந்தக் கடிதம் எந்தச் சந்திக் கடையில் அச்சாகுமென்று நமக்குத் தெரியாது.

இனி ரீச்சரிடம் வருவோம். கடைசி வரியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். “மெதுவாய் வாசி” என்றார். இரண்டாந்தரமும் வாசித்தேன். பின்னர் தாளை வாங்கி, மேசை லாச்சியிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, முதலாம் பந்தியிலிருந்து தொடங்கினார். இது மகள், இது மகன் என்று வசனம் வசனமாகப் பிரித்தார். நடையை வைத்தே அவருக்குத் தெரிந்துவிட்டது. மகளுடைய வரிகளின் ஓரத்தில் மட்டும் சிறு கோடு. மூன்றாம் பந்திக்கு வந்தபோது பென்சில் நின்றது.

மகன்மேல் இருந்த பழியை நீக்கிவிட்டேன் என்று நான் மகிழ்ந்தது அரை நிமிடந்தான். அந்த வசனத்தை எழுதியவர் ஒருவர் இருக்கவே செய்தார். இப்போது அவர் யாரென்பது தாய்க்குத் தெரிந்துவிட்டது. தெரியச் செய்தவன் நான். விறாந்தையில் இருவரும் பேசாதிருந்தோம்.

“அவள் தூரத்தில் இருந்துகொண்டு பயப்படுகிறாள்” என்றார் கடைசியில். “போன மாரியில் நான் கிணற்றடியில் விழுந்ததை அவளுக்குச் சொல்லியிருக்கக்கூடாது.” ஓரத்தில் கோட்டை இட்டு, நான்காம் பந்திக்குச் சென்றார்.

அன்றிரவு மகனின் அழைப்பை எடுத்தார் என்று பெறாமகன் சொன்னார். அடுத்த வாரம் நான் போனபோது கூர்முனைக் குறியைப் பற்றிக் கூறினேன். ரீச்சர் அதனை ஒரு தாளில் ஐந்தாறு தரம் எழுதிப் பார்த்து, “உறுப்பாய் எழுத நல்ல குறி” என்றார். பிறகு அப்பியாசக் கொப்பியில், மகளின் ஐந்து பந்திகளையும் தம் கையாற் பார்த்தெழுதி, ஒவ்வொரு வரியின் இடப்புறமும் அக்குறியை இட்டு, கீழே தம் மறுமொழியை எழுதினார். பெறாமகன் அந்தப் பக்கங்களைப் படமெடுத்து இரு பிள்ளைகளுக்கும் அனுப்பினார். மூன்றாம் பந்தியின்கீழ் இருந்தது இவ்வளவே: “நான் இங்கேதான் இருப்பேன். இரவில் துணைக்கு ஓர் ஆள் பாருங்கள். குசினிப் பக்கக் கூரை ஒழுகுகின்றது.”

கூரைக்கு எத்தனை ஓடு வேண்டும் என்று கேட்டு மகளிடமிருந்து மறுமொழி வந்திருக்கின்றது. கேள்விக்கு மேலே, தாயாரின் மூன்று வசனங்களும், வரிக்கொரு குறியுடன் இருந்தன.